செம்மரத் தரகருக்கு உங்கள் பட்டா எதற்கு?

ஒரத்தநாடு பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 58 வயது. 1987இல் திருமணமாகி மன்னார்குடிப் பக்கம் போனவர். அவருடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் மூன்று ஏக்கர் வாங்கினார். அதில் புது ஆறு எனும் கல்லணைக் கால்வாயின் தண்ணீர் ஏறாத செம்மண் மேட்டில் 2002இல் செம்மரக் கன்றுகளை நட்டார். பிழைத்து நிற்பவை 60 மரங்கள். 46 நிலத்துக்குள், 14 வாய்க்கால் கரையில். அப்பா போன வருடம் உயில் எழுதாமலே காலமானார். அம்மாவும் தம்பியும் ஊரில் இருக்கிறார்கள். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பு சாய்ந்ததிலிருந்து தம்பிக்குக் கடன் தீரவில்லை.

இந்த நேரம் பார்த்து வெளியூர்த் தரகர் ஒருவர் வந்திருக்கிறார். ஒரு மரத்துக்கு 3 லட்சம் என்று விலை பேசி, தம்பியிடம் 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்திலும் ஓர் அதிகாரப் பத்திரத்திலும் தம்பி கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அம்மாவும் அக்காவும் போட வேண்டியதுதான் பாக்கி. “பட்டா நிலத்து மரத்துக்கு விஏஓ சான்று போதும், ஏற்றுமதியும் இப்போது திறந்துவிட்டது, டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்ததால் சீக்கிரம் மரம் வளர்க்கவே தடை வரும்” என்கிறாராம் தரகர். பக்கத்து வீட்டுக்காரரோ, “செம்மரக் கட்டை வீட்டில் இருந்தாலே ஜெயில்” என்று பயமுறுத்துகிறார். போன மழைக்காலத்தில் காற்றில் விழுந்த இரண்டு மரங்களைத் தம்பி துண்டு போட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறார். அதில் ஒரு துண்டை எடுத்துப் பேத்தியின் கொலுவுக்கு மரப்பாச்சி செய்யலாமா என்பது அம்மாவின் ஆசை. “உனக்கு 1989க்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிவிட்டது, சீரும் செய்தாகிவிட்டது, பங்கு கிடையாது” என்பது தம்பியின் பேச்சு. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அதற்குப் பதில்: போடாதீர்கள். அம்மாவையும் போட விடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தம்பியிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே ஒன்று கண்ணில் படுகிறது. பங்கே இல்லாத அக்காவின் கையெழுத்து எதற்கு? தரகருக்கு உங்கள் பங்கு பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது. தம்பிக்குத்தான் தெரியவில்லை.

யாருடைய மரம்?

1989 என்ற வருடம் நம் ஊரில் இன்னும் பல வீடுகளில் பெண்களைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் கதை இதுதான். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு அது இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். பிறகு 2005இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எப்போது திருமணம் ஆனது என்பது இப்போது பொருட்டில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்த சொத்துகளை மட்டும் கிளற முடியாது.

உங்கள் விஷயத்தில் இந்த வாதத்துக்கே வேலை இல்லை. 1989 தேதியெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. உங்கள் அப்பா வாங்கியது சுய சம்பாத்தியச் சொத்து. உயில் இல்லாமல் அவர் இறந்ததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. உங்களுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. சீர், நகை, கல்யாணச் செலவு எதுவும் இந்தக் கணக்கில் கழியாது. நீங்களே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் பங்கு போகும். தரகர் கொடுத்த தாள்களுக்குள் அப்படி ஒரு வாசகம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். நீங்கள் அனுப்பிய படங்களில் இல்லை. ஆனால் அதிகாரப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. அதையும் வாங்கிப் படியுங்கள்.

மண்ணில் நிற்கும் மரம் மண்ணோடு சேர்ந்தது. நிலத்தில் பிரிக்காத பங்கு இருக்கும் மூன்று பேரில் ஒருவர் மட்டும் மரத்தை முழுதாக விற்க முடியாது. விற்றாலும் வாங்கியவருக்குத் தம்பியின் பங்குக்கு மேல் எதுவும் கிடைக்காது.

வாய்க்கால் கரையில் நிற்கும் 14 மரங்களை இந்தப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். அப்பா கன்று வைத்தார், தண்ணீர் ஊற்றினார், எல்லாம் சரி. ஆனால் கரை வாய்க்கால் புறம்போக்கு என்றால் மரம் அரசுடையது. டெல்டாவில் கரையோரம் தென்னையும் தேக்கும் வைத்துவிட்டு “நாங்கள் வளர்த்தது” என்று சொல்லாத ஊர் ஏது? வருவாய்த்துறையில் 2சி பட்டா என்று, புறம்போக்கு மரத்தை அனுபவிக்க மட்டும் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படி ஒன்று அப்பா பெயரில் இருந்தாலும் அது பலனை அனுபவிக்கத்தான், செம்மரத்தை வெட்டி விற்க இல்லை. நில அளவையரை வைத்துக் கரை எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்று கல் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் “60 மரங்கள்” என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால், அரசு மரம் 14ஐ விற்க ஒப்புக்கொண்டவராக ஆகிவிடுவீர்கள்.

அது செம்மரம்தானா?

வழக்கறிஞரான எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று தோன்றலாம். ஆனால் செம்மரம் என்று நாற்றுப் பண்ணையில் வாங்கி வந்தது கடைசியில் வேங்கையாக இருந்த கதைகள் உண்டு. இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள். பட்டையைக் கீறினால் இரண்டிலும் சிவப்பாகப் பால் வடியும். இலையைப் பாருங்கள். செம்மரத்தில் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், நுனி மழுங்கலாக இருக்கும். வேங்கையில் ஐந்து, ஏழு என்று வரும். முற்றிய செம்மரத்துப் பட்டை கருத்து, கட்டம் கட்டமாக வெடித்து முதலைத்தோல் போல இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது செம்மரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வனச்சரக அலுவலகத்தில் எழுதி வாங்குவதுதான் செல்லும்.

இயற்கையில் இந்த மரம் வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை என்று ஆந்திரத்தின் சித்தூர், கடப்பா, நெல்லூர்ப் பக்கத்து வறண்ட பாறை மலைகள்தான் அதன் வீடு. அங்கே கடத்தலுக்கு வெட்டி வெட்டியே, அழியும் ஆபத்தில் உள்ள மரமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நிற்கிறது. 1995 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலிலும், இப்போது நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் இருக்கிறது. உங்கள் கொல்லையில் நிற்பது அந்த மலை மரத்தின் நாற்று என்பதால்தான் இத்தனை சட்டம் அதன் பின்னால் வருகிறது.

மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது?

கொட்டகையில் கிடக்கும் துண்டின் வெட்டுமுகத்தை, பக்கத்தில் பள்ளிக்கூட அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினீர்கள் பாருங்கள், கடிதத்திலேயே மிகப் பயனுள்ள காரியம் அது. கட்டையின் முழு விட்டம் 22 சென்டிமீட்டர். நடுவில் சிவப்பு வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, 9 சென்டிமீட்டர். சுற்றி எல்லாம் வெள்ளைக்கட்டை. வெள்ளைக்கு விலையில்லை. பார்வைக்கு ஏறத்தாழப் பாதி சிவப்பு என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்குதான் வரும். ஐந்து மீட்டர் நீளத்துக்கு இதே கனம் இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு மரத்தில் தேறும் வைரம் சுமார் 35 கிலோ. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனமான மரம் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மேலே போகப் போக மரம் மெலியும், ஆக 30 கிலோவே அதிகம்.

30 கிலோவுக்கு 3 லட்சம் என்றால் கிலோ பத்தாயிரம், டன் ஒரு கோடி. காட்டில் பல காலம் நின்று முற்றிய முதல் தரக் கட்டைக்குச் சொல்லும் விலையை, 23 வயது தோட்டத்து மரத்துக்கு ஒருவர் ஏன் தருகிறார்?

இப்படி விலை பேசுபவருக்கு வேண்டியது பெரும்பாலும் மரமாக இருக்காது. கடத்தல் கட்டைக்குப் பிரச்சினை, அது எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் கிடையாது. உங்களிடம் பட்டா இருக்கிறது, 23 வருடமாக நிற்கும் மரம் இருக்கிறது, அப்பா பத்திரமாக வைத்திருந்த நாற்று ரசீதுகூட இருக்கிறது. 46 மரத்துக்கு ஒருமுறை அனுமதியும் பர்மிட்டும் வாங்கிவிட்டால், அந்தக் காகிதத்தின் நிழலில் வேறு இடத்துக் கட்டையும் சேர்ந்து போகும். வழியில் பிடிபட்டால் பர்மிட்டில் இருப்பது தரகர் பெயரா? உங்கள் அம்மா பெயர். அவர் கொண்டுவந்த அதிகாரப் பத்திரத்தில் “வன அலுவலகத்தில் எங்கள் சார்பில் விண்ணப்பிக்கவும், கையெழுத்திடவும், அனுமதிச் சீட்டுகளைப் பெறவும், பயன்படுத்தவும்” என்று நான்கு வினைச்சொல் போட்டிருப்பதை மறுபடி ஒருமுறை படியுங்கள். மரம் வாங்குபவருக்கு “பயன்படுத்தவும்” எதற்கு?

இந்த மனிதர் அப்படிப்பட்டவர்தான் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாள் அப்படிச் செய்ய இடம் கொடுக்கிறது. செம்மர வியாபாரத்தில் அடிபடுவது யார் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரும் கூலிக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். கட்டைக்குப் பணம் போட்டவர்கள் யாரும் அந்த மலையில் இல்லை.

தரகர் சொன்ன மூன்று விஷயங்கள்

விஏஓ சான்று போதும் என்பது தவறு. வேம்புக்கும் மாமரத்துக்கும் சொல்வதைச் செம்மரத்துக்குச் சொல்கிறார். விஏஓ தருவது நிலம் உங்களுடையது, மரம் அதில் நிற்கிறது என்பதற்கான சான்று. வெட்டுவதற்கு மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். வெட்டிய கட்டை வாசல் தாண்டுவதற்குத் தனியாகப் போக்குவரத்து பர்மிட் வேண்டும். அதற்கு 1968ஆம் வருடத்து மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. பட்டா, சிட்டா, அடங்கல் (நிலத்தில் என்ன நிற்கிறது என்ற கிராமக் கணக்கு), புலப்படம், கூட்டுப் பட்டாதாரர்கள் எல்லோருடைய சம்மதம் என்று வைத்து விண்ணப்பிக்க வேண்டும். வனத்துறை நேரில் வந்து மரத்தை எண்ணி, சுற்றளவு எடுத்து, குறியிட்ட பிறகுதான் கோடாரி. உங்கள் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. முதல் படியே இன்னும் ஏறவில்லை.

ஏற்றுமதி திறந்துவிட்டது என்பது பாதி உண்மை. 2019 பிப்ரவரியில் அயல் வணிகத் தலைமை இயக்குநரகம் தனியார் நிலத்தில் வளர்த்த செம்மரத்தை உரிமம் பெற்று ஏற்றுமதி செய்ய வழிவிட்டது. 2004 முதல் சைட்டிஸின் தனிக் கண்காணிப்பில் இருந்த இந்தியச் செம்மரம், 2023 நவம்பரில் ஜெனிவாவில் நடந்த நிலைக்குழுக் கூட்டத்தில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. இரண்டும் விவசாயிக்கு நல்ல செய்திதான். ஆனால் உரிமம், வளர்ப்புச் சான்று, சைட்டிஸ் அனுமதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. காட்டு மரத்துக்கு வாசல் மூடியேதான் இருக்கிறது. தரகரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்கள் ஏற்றுமதி உரிமத்தின் நகல் எங்கே?”

நேர்வழியில் போனவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்றும் நினைக்க வேண்டாம். விற்பனையில் கிடைத்த விலைக்கு மேலேயே, 2025இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்குப் பலன் பகிர்வாக 55 லட்சம் ரூபாய் விடுவித்தது. மரத்தை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் பல்லுயிர்ச் சட்டப்படி கட்டும் தொகையிலிருந்து வந்த பணம் அது. வளர்த்தவர் யார் என்று பதிவில் இருந்ததால் வந்தது.

மூன்றாவதாக, வேளாண் மண்டலம். 2020ஆம் வருடத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், துத்தநாக உருக்காலை, கப்பல் உடைப்பு மாதிரித் தொழில்களை. மேட்டில் மரம் வளர்ப்பதை அது தொடவே இல்லை. இது அவசரப்படுத்தச் சொன்ன பேச்சு.

விழுந்த இரண்டு மரங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி, பாதி பயம். செம்மரம் வளர்ப்பது குற்றமே இல்லை. நிற்கும் மரத்துக்காக உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள். வெட்டிய கட்டை கணக்கில்லாமல் கொட்டகையில் கிடப்பதுதான் சங்கடம். தானாக விழுந்ததா, நீங்கள் வெட்டியதா என்பதை யார் நம்புவார்கள்?

அதனால் இந்த வாரமே ஒரு மனு எழுதுங்கள். வனச்சரக அலுவலருக்கு மனு, மாவட்ட வன அலுவலருக்கும் விஏஓவுக்கும் நகல். சர்வே எண், எந்த மாதம் எந்தக் காற்றில் விழுந்தது, எத்தனை துண்டு, ஒவ்வொன்றின் நீளம், சுற்றளவு. வேரோடு சாய்ந்த குழி இன்னும் மூடாமல் இருந்தால் அதன் படம். தம்பி ரம்பம் போட்டதை மறைக்காதீர்கள். பாதையை அடைத்ததால் துண்டு போட்டோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகச் சொல்கிறோம் என்று கூச்சப்பட வேண்டாம். நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் அவர்களாக வந்து கண்டுபிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அம்மாவின் மரப்பாச்சி ஆசை எனக்கும் பிடித்திருக்கிறது. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிதான் நம் வீடுகளில் வழிவழியாக வந்தது. ஆனால் ஒரு முழத் துண்டானாலும் ஆசாரி பட்டறைக்கு எடுத்துப் போவது போக்குவரத்துதான். மனுவிலேயே “ஒரு சிறு துண்டை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்” என்று ஒரு வரி சேருங்கள். எழுத்தில் பதில் வரட்டும். இந்த வருடக் கொலுவுக்கு வராவிட்டால் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டலாமா, விடலாமா?

இங்கே முடிவு உங்கள் குடும்பத்துடையது. என் கருத்தைக் கேட்டால், இப்போது வெட்டுவது நஷ்டம். செம்மரத்தில் வைரம் ஏறுவது மெதுவாகத்தான். உங்களுடையது வல்லம் பக்கத்தைப் போன்ற செம்மண் மேடு, தண்ணீர் தேங்காது. பழைய டெல்டாவின் களிமண்ணில் வைத்திருந்தால் வேர் அழுகி இவ்வளவு மரம் பிழைத்தே இருக்காது. இன்னும் பத்து, பதினைந்து வருடம் நின்றால் அந்த 9 சென்டிமீட்டர் நன்றாக அகலும். சீக்கிரம் பெருக்கட்டும் என்று தம்பி தண்ணீரும் உரமும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பருப்பது பெரும்பாலும் வெள்ளைதான். நிறுத்தச் சொல்லுங்கள்.

காத்திருப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. திருட்டு வரலாம், இன்னொரு புயல் வரலாம், அம்மாவுக்கு வயதாகிறது. தம்பியின் கடனுக்கு வட்டி ஓடுகிறது, அதற்கு “பதினைந்து வருடம் பொறு” என்பது பதில் ஆகாது. எனவே மரத்தையும் கடனையும் தனித்தனியாகப் பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற்றுங்கள். விஏஓவிடம் சொல்லி அடங்கலில் சர்வே எண் வாரியாக மரங்களை ஏற்றுங்கள். நாளைக்கு வளர்ப்புச் சான்று கேட்கும்போது அடங்கலும் அப்பாவின் நாற்று ரசீதும்தான் பேசும். ரசீதின் மை மங்குவதற்குள் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு உட்கார்ந்து பாகப்பிரிவினை. நன்செயில் தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுத்து, மரங்களுக்கு எண் போட்டு யார் யாருக்கு எந்த எண் என்று பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதிப் பதிவு செய்யலாம். நன்செயை விற்றோ அடமானம் வைத்தோ அவர் கடனை முடிக்கட்டும். நீங்கள் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தம்பியை வம்பிலிருந்து வெளியே இழுக்க வேறு கயிறு உங்கள் கையில் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

தம்பி கேட்கவே இல்லை, நாளைக்கே ஆள் வைத்து வெட்டப் போகிறார் என்றால், கூட்டு உரிமையாளர் என்ற முறையில் எனக்குச் சம்மதம் இல்லை என்று மாவட்ட வன அலுவலருக்கு ஆட்சேப மனு கொடுங்கள். அதோடு உரிமையியல் நீதிமன்றத்தில் பாகம் கேட்டும், அதுவரை வெட்டத் தடை கேட்டும் வழக்குப் போடலாம். அது கடைசி வழி.

முன்பணமும் அந்தத் தாள்களும்

ஒப்பந்தத்தில் “ஐந்து ஆண்டுகளுக்குள் வாங்குபவர் விரும்பும்போது வெட்டிக்கொள்ளலாம்” என்று இருக்கிறது. உடனே வெட்டி எடுக்கப்போகும் மரத்தைச் சட்டம் அசையும் பொருளாகப் பார்க்கும். பல வருடம் மண்ணில் நின்று வளரும் மரத்தின் மேல் எழுதிக் கொடுக்கும் உரிமை நிலத்தின் மேல் உள்ள உரிமை. 1958இல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். அந்த உரிமையைப் பதிவு செய்யாத தாளில் கொடுக்க முடியாது. உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டது பதிவு செய்யாத தாள். அந்த வகையில் நீங்கள் பயப்படுவதுபோல “எல்லாம் முடிந்துபோய்விட்டது” என்பது இல்லை.

அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்வதில் ஒரு சிக்கல் வரலாம். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அதிகாரம், அந்தச் சொத்தில் தனக்கு ஆதாயம் உண்டு, இதை ரத்து செய்யவே முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவைக் காட்டித் தரகர் வாதாடலாம். அதனால் அந்த 50,000 ரூபாயைத் திருப்பித் தருவதுதான் முதல் வேலை. கையில் கொடுக்க வேண்டாம். தம்பியின் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு “முன்பணம் திருப்பம்” என்று குறிப்பிட்டு அனுப்பட்டும். தம்பியிடம் பணம் செலவாகிவிட்டது என்றால் நீங்களும் அம்மாவும் சேர்ந்து போட்டுக் கொடுப்பதுகூட மலிவுதான். அதே நாளில் தம்பி பெயரில் ஒரு ரத்து அறிவிப்பு: ஒப்பந்தமும் அதிகாரமும் செல்லாது, மூலத்தாள்களையும், வாங்கிப்போன பட்டா, ஆதார் நகல்களையும் 15 நாளில் திருப்பித் தரவும். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் நல்லது. இதன் நகலை மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்பி, எங்கள் சர்வே எண்ணில் எங்கள் பெயரில் வேறு யார் விண்ணப்பித்தாலும் எங்களைக் கேட்காமல் அனுமதி தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 15 நாளில் தாள் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அந்த ரசீதோடு, அதிகாரப் பத்திரத்தின் அந்த இரண்டாம் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.